சரளைக்கல் தொட்டி

முழங்கால் வரை ஏறும் கெய்ட்டரைத்தான் வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டுதான் பள்ளி பஸ் ஓட்டுநர் விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தார். கெய்ட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஷூவின் வாயை மூடிக் கணுக்காலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் துணி உறை. மண்ணும் கல்லும் உள்ளே போகாது. மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்குக் கணுக்காலோடு நின்றுவிடும் குட்டை வகை. சேற்றிலும் புதரிலும் நடக்கிறவர்களுக்கு நெட்டை வகை. இவரோ மலை ஓட்டப் பந்தயத்தில் ஓடப்போகிறவர். ஆனாலும் நெட்டைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

கூட வந்த மச்சினன், மனைவியின் தம்பி, சும்மா இருப்பானா? அவன் வாய்க்குப் பூட்டு போட இன்னும் ஆள் பிறக்கவில்லை.

“மாமா, ஞாயித்துக்கிழமை நாம ஓடப்போறோம். மீன் பிடிக்கப் போகல.”

“எனக்கு இதான் புடிச்சிருக்கு மாப்ள. விடேன்.”

“போன வாரம் ஸ்கூல் கேட்ல பஸ்ஸ உரசிட்டு வந்தப்பவும் இதே பிடிவாதம்தான். தூணுதான் குறுக்க வந்துச்சுன்னு சாதிச்சீங்களே!”

ஓட்டுநரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே நெட்டை உறையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலமாகிறது. கொஞ்ச நாளாகப் பாதங்கள் மரத்துப்போய்விட்டன. போன மாதம் பயிற்சி ஓட்டம் முடிந்து ஷூவைக் கழற்றினால், உள்ளிருந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கல் விழுந்தது. அன்று காலை முழுக்க அதன்மேலேயே ஓடியிருக்கிறார். துளி வலியில்லை. மருத்துவரிடம் போனால் பஸ் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் பஸ்ஸைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த பஸ் இல்லையென்றால் அவர் யார்? காலையில் முதல் ஆளாகப் போய் எடுக்கிறவர் என்பதால் பஸ் சாவிகூட அவர் சட்டைப் பையில்தான் கிடக்கும். மச்சினனுடைய மகள், இரண்டாம் வகுப்புக்காரி, அவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் கதை அளப்பாள்.

அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓட்டத்துக்கும் வரவில்லை என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் மச்சினனோடு ஓடுகிறவர் இந்த வருஷம் மட்டும் ஏன் வரவில்லை என்று ஆயிரம் கேள்வி வரும். ஆகவே கல்லே புகாத உறையாகப் பார்த்து மாட்டிக்கொண்டால் காலில் புண்ணும் வராது, பேச்சும் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பலே திட்டம் இருக்கத்தான் செய்கிறது.

முட்டியில் சிராய்ப்போடு நின்ற கடைக்காரப் பெண்ணும் ஒரு மலை ஓட்டக்காரி. நெட்டை உறையை அவர் கையிலிருந்து பதமாக வாங்கி வைத்தாள்.

“இதக் கட்டிட்டு ஓடுனா உள்ள வேர்த்து ஊத்தும் சார். ஷூவுக்கு அடியில வர்ற இந்தப் பட்டை பாறைல உரசி அறுந்துடும். கால் மாத்திப் போட்டுட்டா கொக்கி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும், குப்புற விழுவீங்க. நான் சொல்றத நம்ப வேணாம். நீங்களே நடந்து பாருங்க.”

கடையின் பின்பக்கத்தில் ஒரு நீள மரத்தொட்டி இருந்தது. அது நிறையச் சரளைக்கல்லும் கரடுமுரடான மணலும். முதலில் உறை இல்லாமல் வேகமாக நடக்க வேண்டும், கல் உள்ளே போனதும் நிற்க வேண்டும், பிறகு உறை மாட்டிக்கொண்டு நடந்து வித்தியாசம் பார்க்க வேண்டும். இது அந்தக் கடையின் வழக்கம். வழக்கம் என்ற பெயரில் இப்படியொரு பரீட்சை காத்திருக்கும் என்று ஓட்டுநர் கனவிலும் நினைக்கவில்லை.

“அதெல்லாம் எதுக்கும்மா. பேசாம நெட்டையவே கட்டிக் குடு.”

“நான் போறேன் முதல்ல,” என்று மச்சினன் இறங்கினான். இரண்டு நடை போவதற்குள் “யம்மா!” என்று வலது காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியடித்தான். அவன் முகம் எப்படிச் சுளித்தது, கை எந்த இடத்தைத் தொட்டது என்று எல்லாவற்றையும் ஓட்டுநர் மனப்பாடம் செய்தார்.

அவர் முறை வந்தது. நடந்தார். காலடியில் கல் நொறுங்கும் சத்தம் காதில் விழுந்தது. காலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. உடனே நின்றால் கல் இருக்காது. ரொம்ப நேரம் நடந்தாலும் வம்பு. போனார், திரும்பினார், மறுபடி போனார். முதுகெல்லாம் வேர்த்தது. மச்சினனின் சிரிப்பு நின்றுவிட்டதைக் கவனித்தார்.

“ஸ்ஸ்!” என்று இடது காலைத் தூக்கினார். “குதிகால்கிட்ட, இங்க.”

நடிப்பு பிரமாதம் என்று அவருக்கே தோன்றியது. பெண் குனிந்து ஷூவைக் கழற்றித் தட்டினாள். கொஞ்சம் மணல் உதிர்ந்தது. கல் எதுவும் இல்லை.

“அப்போ வலதுல இருக்கும்,” என்றார் அவசரமாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வலது ஷூவைக் கழற்றினாள். சாக்ஸின் அடிப்பாகம் சிவந்து நனைந்திருந்தது. உடைந்த சில்லு ஒன்று துணியைக் கிழித்துப் பெருவிரலின் அடிச் சதையில் குத்தி நின்றது.

“ஐயோ, சார்! வலிக்கலையா உங்களுக்கு?”

ஓட்டுநர் குனிந்து பாதத்தைக் கையால் மூடினார். மச்சினன் காலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பழைய குரலை வரவழைத்துக்கொண்டு பெண்ணிடம் சொன்னான்: “எங்க மாமாவுக்குத் தோல் கெட்டிம்மா. கொஞ்சம் பஞ்சும் மருந்தும் எடுத்துட்டு வா.”

அவள் ஓடினாள். மச்சினன் மண்டியிட்டு உட்கார்ந்து சில்லை எடுத்தான், சாக்ஸை உருவினான்.

“மேல பாருங்க மாமா. நான் விரல அழுத்துறேன். தெரிஞ்சா சொல்லுங்க.”

ஓட்டுநர் கூரை விளக்கைப் பார்த்தார். மனசுக்குள் ஐந்து வரை எண்ணினார்.

“ம்... தெரியுது மாப்ள. நல்லாத் தெரியுது.”

“நான் இன்னும் தொடவே இல்ல.”

தொட்டிக்குப் பின்னால் யாரோ ஷூ பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஓட்டுநருக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“பிரேக்க இந்தக் கால்லதான மிதிக்கிறீங்க?” மச்சினன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “அன்னிக்குத் தூணு குறுக்க வரல. அப்படித்தான?”

“பிரேக்குன்னு நெனச்சுதான் மிதிச்சேன்.” ஓட்டுநர் தன் வலது பாதத்தைப் பார்த்தார். “கால் எதுமேல இருக்குன்னு தெரியல மாப்ள. வண்டி முன்னால பாஞ்சப்பதான் தெரிஞ்சுது.”

“உள்ள புள்ளைங்க இருந்தாங்களா?”

“எல்லாரும் இறங்கியாச்சு.” கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவியது. “நம்ம பாப்பா மட்டும் பைய மறந்துட்டேன்னு திரும்பி ஏறியிருந்தா.”

மச்சினன் எழுந்துவிட்டான். அடித்துவிடுவானோ என்றுகூட ஓட்டுநர் நினைத்தார்; அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். அவன் அடிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண் பஞ்சோடு வந்து கட்டுப் போட்டாள். போட்டு முடித்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் கடைக்காரிக்குத் தெரிந்ததையே கேட்டாள்: “எந்தக் கெய்ட்டர் சார் எடுக்கட்டும்?”

மச்சினன் திரும்பினான். வழக்கமாக எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொள்கிறவன் இந்த ஒரு கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. மாமாவே சொல்லட்டும் என்று நின்றான்.

“குட்டையே குடும்மா,” என்றார் ஓட்டுநர். “அவனுக்கு மட்டும்.”

சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். மச்சினன் நீட்டாத கையைத் தானே பிடித்து விரித்து, அதில் வைத்து மூடினார்.

“வீட்டுக்கு வண்டிய நீ ஓட்டு. பஸ் சாவியும் அதுலதான் இருக்கு.”