மைக்கூட்டில் வந்த பிழை

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்து, கோகுலகிருஷ்ணன் ‘மைக்கூடு’ என்ற மென்பொருளை உருவாக்கியிருந்தான். தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கானது. சென்னைக் கம்பெனி ஒன்றின் ‘எழுதுபலகை’ அதற்குப் போட்டி. இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள், நடிகர்களின் ரசிகர்களைப் போலச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

ஐப்பசியில் வெளியிட்ட மைக்கூட்டின் புதிய பதிப்பில் ஒரு பிழை இருந்தது. சிலர் எழுதி முடிக்காமல் வைத்திருந்த வரைவுகள் அழிந்துபோயின. இணைய இதழ் ஒன்றில் தொழில்நுட்பச் செய்திகள் எழுதும் சுதாராணி அதைச் செய்தியாக்கினாள். ‘மைக்கூட்டில் பதிவுகள் மாயம்’ என்பது தலைப்பு. அதே வாரம் எழுதுபலகையில், எழுதியவர் மட்டும் பார்க்கும்படி பூட்டிவைத்த பதிவுகள் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டன. அதற்குச் செய்தியின் அடியில் இரண்டே வரி.

தூக்கமில்லாமல் பிழையைச் சரிசெய்துகொண்டிருந்த கோகுலுக்கு ஆத்திரம் பொங்கியது. ‘சுதாராணி யாருடைய ஆள்?’ என்று தன் வலைப்பதிவில் எழுதினான். கீழே கருத்துகள் குவிந்தன. முதலில் அவற்றைப் படிக்க அவனுக்கு இதமாகத்தான் இருந்தது. பிறகு அவள் சாதியை இழுத்தார்கள், உடம்பை இழுத்தார்கள். ஒருவன் விளாத்திகுளத்தில் அவள் வீட்டு விலாசத்தையே போட்டு, ‘நேரில் போய்க் கேளுங்கடா’ என்று எழுதியிருந்தான்.

இது தன்னால் வந்த வினை என்று கோகுலுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே பதிவை நீக்கினான். பைக்கை எடுத்துக்கொண்டு அந்த விலாசத்துக்கே போனான்.

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா அய்யாத்துரை. கையில் ஆடு மேய்க்கும் கம்பு இருந்தது.

“யாரு? எங்கன இருந்து வாரீய?”

“கோவில்பட்டி. மைக்கூடு கோகுலகிருஷ்ணன்.”

அவர் வாசலை விட்டு நகரவில்லை. “எம் மவளப் பத்தி என்னென்ன எழுதிருக்கானுவன்னு படிச்சியளா?”

“படிச்சேன், அண்ணாச்சி. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

“விடுங்கப்பா, அவிய பேசட்டும்” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சுதாராணியின் கண்கள் வீங்கியிருந்தன. “செய்தி போடுததுக்கு முன்னால உங்க விளக்கம் கேட்டு ரெண்டு மெயில் அனுப்புனேன். ஏன் பதில் போடல?”

“பாத்தேன். அப்போ பிழையச் சரிபண்ணுதது பெருசாத் தெரிஞ்சுது. பத்திரிகைக்காரங்களுக்குப் பெறவு பதில் சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன்.”

“ஆனா தலைப்பு தப்புதான்” என்றாள் அவள். “வரைவுகள்னுதான் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் பதிவுகள்னு மாத்திட்டாரு. நானும் சண்டை போடாம விட்டுட்டேன். எழுதுபலகை விஷயத்தையும் தனியா விசாரிச்சிருக்கணும்.”

அன்றே கோகுல் தன் வலைப்பதிவில் மன்னிப்புக் கேட்டான். விலாசம் போட்டவன் மேல் இருவருமாகப் போய் சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள். சுதாராணி ஆசிரியரிடம் வாதாடித் தலைப்பைத் திருத்த வைத்தாள்.

அடுத்து அவள் எழுதுபலகையின் கோளாறு பற்றி விரிவாக எழுதினாள். கணவனின் அடிக்குப் பயந்து பூட்டிவைத்து எழுதிய ஒரு பெண்ணின் பதிவுகள் உறவினர் கையில் சிக்கி, அவள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது அதில் வந்தது. எழுதுபலகை ஆட்கள் கொதித்தார்கள். ‘பக்கத்து ஊர்க்காரனுக்காக எழுதுகிறாள்’ என்றார்கள். மறுபடியும் வசவு.

கோகுல் அவளுக்குப் போன் செய்தான். “உங்களுக்காக நான் ஏதாவது எழுதட்டுமா?”

“வேண்டாம். நீங்க எழுதுனா, அவிய சொல்லுதது உண்மைன்னு ஆயிரும்.”

அவனுக்குக் கையைக் கட்டிப்போட்டது போலிருந்தது. ஆனாலும் எழுதவில்லை. வரைவுகளை இழந்தவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேச ஆரம்பித்தான். சிலர் திட்டினார்கள். பசுவந்தனை ஊரைச் சேர்ந்த வேலுத்தாய் மட்டும் திட்டாமல், “எங்க அம்மாவப் பத்தி எழுதிக்கிட்டு இருந்தேன், தம்பி. மறுபடியும் எழுதிப் பாக்குதேன்” என்றாள்.