பர்னபாஸ், மனைவி, மகள்

என் தாத்தா பர்னபாஸ் குவைத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார் என்பது எங்கள் கடற்கரையில் அறுபது வருஷமாக ஊரறிந்த விஷயம். அவர் தங்கியிருந்த கம்பெனி கேம்ப் சுவரில் ஒட்டியிருந்த மக்கள்தொகைக் கணக்குப் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே, பெயர் இல்லாமல், மனைவி, மகள் என்று மட்டும் போட்டிருந்ததைப் பார்த்ததாக, அங்கிருந்து லீவில் வந்த ஒருவர் சொன்னார். மறு வருஷமே தாத்தா காய்ச்சலில் இறந்து அங்கேயே அடக்கமானார். விசாரிக்க ஆளில்லை. கல்லறைத் திருநாளன்று எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும் மெழுகுவர்த்தி கிடையாது.

அதே குவைத்தில், ஃபஹாஹீல் என்ற ஊரில் எனக்கு வேலை கிடைத்தபோது என் அம்மா அருள்செல்வி கேட்டது ஒன்றுதான்.

"கிளிட்டஸ், அங்க எனக்கொரு தங்கச்சி இருக்காளாம்லா. எப்பிடியாவது கண்டுபிடிச்சுத் தா மக்கா."

"அந்த ஆளோட பேச்சே எங்கிட்ட எடுக்காதீங்க" என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த அம்மாவுக்குக் கோபமே வராது. கூடப்பிறந்தவள் ஒருத்தி கிடைத்தால் போதும்.

தாத்தா வேலை பார்த்த அதே கம்பெனியில் பழைய கேம்ப் ஃபைல்களை ஸ்கேன் செய்வதுதான் என் டூட்டி. இரண்டு வருஷமாகத் தேடினேன். அம்மாவுக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த இன்னொரு குடும்பத்தின் முன்னால் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றிருந்தது.

போன வாரம் ரெக்கார்டு ரூம் பொறுப்பாளர் கௌஸ் முகம்மது ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, அறுபத்தஞ்சாம் வருஷக் கணக்கு. யல்லா, சீக்கிரம், லன்ச்சுக்குள்ள பாத்துட்டுக் குடுங்க."

ஆள் ஆளாகக் கேட்டு எழுதிய மூலத்தாள்கள். எட்டாம் அறை, பதினொரு ஆண்கள். ஆறாவது கட்டில் பர்னபாஸ். வயது இருபத்தாறு. பைப் ஃபிட்டருக்கு உதவியாள். அடுத்த இரண்டு வரிகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன, ஆனால் படிக்க முடிந்தது.

செபஸ்தியம்மாள், மனைவி, வலை பின்னுகிறவர். அருள்செல்வி, மகள், வயது ஒன்றரை.

செபஸ்தியம்மாள் என் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள். அருள்செல்வி என் அம்மாவேதான்.

ஓரத்தில் கணக்கெடுத்தவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: 'இருவரும் இந்தியாவில். இங்கே இருப்பவர்களை மட்டும் சொல்லும்படி இரண்டு முறை விளக்கினேன். அவர்கள் இல்லாமல் தன்னை எழுத விடவில்லை. குழந்தை பேச ஆரம்பித்துவிட்டதாகக் கடிதம் வந்ததாம்.'

அடித்ததைக் கவனிக்காத யாரோ மூன்று பேரையும் சுவர்ப் பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டும். முகம் தெரியாத தாத்தாவை முப்பது வருஷம் திட்டித் தீர்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கௌஸ் பாய் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு வரி விடாமல் படித்தேன்.

"அப்ப எனக்குத் தங்கச்சி இல்லியா?"

"இல்லம்மா. அந்தப் பொண்டாட்டி ஆச்சி. அந்தப் பிள்ள நீங்கதான்."

கடிதம் வந்ததாக எழுதியிருந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"நான் மொதல்ல என்ன பேசுனேன்னு அதுல போட்டிருக்கா மக்கா?"

"அது போடலம்மா."

"அப்பான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, அறுபத்தொரு வயதில், யாரும் இல்லாத வீட்டில், அதை ஒரு தடவை சத்தமாகச் சொன்னாள்.