பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை

கலிபோர்னியாவில், லிவர்மோர் கோயில் பார்க்கிங்கில், எங்கள் காரின் சன்ரூஃப் வழியாக இடுப்பு வரை வெளியே வந்துவிட்டு, மேலே ஏறவும் முடியாமல் உள்ளே இறங்கவும் முடியாமல் நான் மாட்டிக்கொண்டேன். யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை. சஃபாரி ஜீப்பில் எப்படி நின்றுகொண்டே சிங்கம் பார்ப்பார்கள் என்று என் மனைவி விசாலாக்ஷிக்குச் செய்து காட்டப் போனேன். ஆப்பிரிக்காவைப் பற்றி எவ்வளவோ படித்தவன், என் தொப்பையைப் பற்றி ஒன்றும் படித்திருக்கவில்லை.

உள்ளே சிவனையும் பெருமாளையும் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி என்னைச் சுற்றி நின்றது. ஒரு சின்னப் பெண் தன் புளியோதரையிலிருந்து ஒரு வாய் எடுத்து என்னை நோக்கி நீட்டினாள். மிருகக்காட்சிசாலைப் பழக்கம்.

ஊரிலிருந்து தன் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருந்த பர்வதம் ஆன்ட்டி கீழேயிருந்து கேட்டார். "என்னப்பா இது, ஏதாவது வேண்டுதலா?"

"ட்ரெய்னிங் ஆன்ட்டி. ஜனவரில சஃபாரி போறோம். உகாண்டா."

"பேஷ்! குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்குமே. உங்களுக்கு எத்தனை பசங்க?"

"நாங்க போற லாட்ஜ்ல பன்னண்டு வயசுக்குக் கீழ உள்ளயே விட மாட்டாங்க ஆன்ட்டி. என்னை விடுவாங்களாங்கறதே சந்தேகம்."

எல்லாரும் சிரித்தார்கள். காருக்குள்ளிருந்து என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த விசாலாக்ஷியின் கைகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வெளியே இருந்தேன், அவள் உள்ளே இருந்தாள்.

திரும்பி வரும்போது ஃப்ரீவே முழுக்க அவள் சொன்னது ஒன்றுதான்: "சட்டை கிழிஞ்சிருக்கு."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று தடவை ஐ.வி.எஃப். செய்து மூன்றும் நிற்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கரு; கிளினிக்கின் ஃப்ரீசரில் இருக்கிறது. அதற்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்தது நான்தான். மூத்தவர்கள் யாரும் தங்காத வீட்டில் கடைக்குட்டி எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. விசாலாக்ஷி அன்றைக்குச் சிரித்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதாக ஞாபகம்.

கடைசி முயற்சியை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கிளினிக்கிலிருந்து அடிக்கடி வாய்ஸ்மெயில் வரும். "கூப்பிடணும்ல?" என்பேன். "பாக்கலாங்க" என்பாள். அவள் கேட்டால் நான் பாக்கலாம் என்பேன். ஒரு வருஷமாக ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இதற்கிடையில்தான் கிடேபோ வந்தது. உகாண்டாவின் ஒரு மூலையில், சின்ன விமானத்தில் போய் இறங்க வேண்டிய தேசியப் பூங்கா. சும்மா ஒரு வீடியோவை டிவியில் ஓடவிட்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த விசாலாக்ஷி தலையைத் தூக்கி, "இதென்னங்க, ஆறுங்கறான், வெறும் மணலா கெடக்குது?" என்றாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. வருஷத்தில் பாதி நாள் அந்த ஆற்றில் மணல்தான் என்று தேடிப் படித்துச் சொன்னேன். கரையெல்லாம் பனைமரம் என்றேன்.

"பனைமரம் பாக்க ஆப்பிரிக்காவா? காங்கேயம் ரோட்டுல எறங்கி நின்னா ஆச்சு."

"அங்க பனைமரத்தடியில சிங்கம் படுத்திருக்கும்."

"இங்க சோபால படுத்திருக்குது."

அவ்வளவுதான், கிளம்பிவிட்டேன். டிக்கெட், லாட்ஜ், பைனாகுலர், முழங்காலில் ஜிப் வைத்த பேன்ட், யானை துரத்தினால் என்ன செய்வது என்று விளக்கும் வீடியோக்கள். "நிஜமாவே போகலாமா?" என்று கேட்கும்போதெல்லாம் "பாக்கலாங்க" என்றுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருந்தாள்.

உகாண்டாவுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கோயில் கூத்துக்கு அடுத்த வாரம் ட்ராவல் கிளினிக்குக்குப் போனோம். நர்ஸின் சட்டையில் ஸ்ம்ருதி என்று எழுதியிருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். "தமிழ் புரியும், பட் பேசினா நீங்க சிரிப்பீங்க" என்றாள். அமெரிக்காவில் நாங்கள் ரகசியம் பேச இருந்த ஒரே அறை தமிழ். அதிலும் அன்றைக்கு ஆள் இருந்தது.

எனக்கு முதலில் போட்டாள். வலிக்கவே இல்லை; ஆனாலும் விசாலாக்ஷி சிரிக்கட்டும் என்று கத்தினேன். விசாலாக்ஷி ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்ம்ருதி பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"லாஸ்ட் கொஸ்டின். ஆர் யூ ப்ரெக்னன்ட், ஆர் ப்ளானிங் டு பி?"

விசாலாக்ஷி ஸ்வெட்டர் கையை இன்னும் ஒரு சுற்று சுருட்டினாள். இது உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த ஊசி, குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்குப் போட யோசிப்போம், மலேரியா இருக்கிற ஊருக்குக் கர்ப்பிணிகள் போவதும் நல்லதில்லை என்று ஸ்ம்ருதி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அப்புறம் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க பேசுங்க. நான் அப்புறம் வர்றேன்" என்று அவளுடைய தமிழில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நாங்கள் சிரிக்கவில்லை.

சுவரில் ஒரு கொசுவின் படம், ஆள் உயரத்துக்கு.

"இந்தக் கொசுவைப் பாத்தா நம்ம பர்வதம் ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். துடைத்த இடத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கையைச் சுருட்டியபடியே அவள் உட்கார்ந்திருந்தாள். ஐ.வி.எஃப். நாட்களில் எத்தனையோ ஊசி வாங்கிய உடம்பு. பாதியை நான்தான் போட்டேன், சமையல்கட்டு மேடையில் மருந்தை வரிசையாக வைத்து, கிரிக்கெட் கமென்ட்ரி சொல்லிக்கொண்டே. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வலிக்காக என்று நினைத்திருந்தேன். ஒருவேளை கமென்ட்ரிக்காகவும் இருக்கலாம்.

"விசா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு ஆப்பிரிக்கால்லாம் ஒண்ணும் இல்ல. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம். உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. அதைக் கேக்கப் பயந்துட்டுத்தான் இவ்வளவு ப்ளான் பண்ணேன். அந்த ஒண்ணை... கடைசியா ஒரு தடவை பாக்கலாமா, வேண்டாமா?"

பாக்கலாங்க என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்ல மாட்டாளோ என்றும் பயந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "ரிசல்ட் சொல்லப் போன் பண்ணுவாங்கள்ல, அந்தம்மா சாரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடும். அந்த மூச்சை இன்னொருக்கா என்னால கேக்க முடியாது. கடைக்குட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் புள்ளயக் கூப்பிட்டு ஊசியப் போடச் சொல்லுங்க."