ஒரே ரோலில் மனைவியும் ஷட்டர் கதவுகளும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பள்ளிகள் திறக்க மூன்று வாரம் இருந்தபோது, சீருடை தைக்கும் பட்டறை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனேன். கட்டுரை வந்துவிட்டது. அதில் கட்டிங் மாஸ்டருக்கு ஒன்றரை வரிதான் கிடைத்தது. இது அந்த மிச்சம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலின் மெல்லிய ஒளியில், தனிமையின் பாரத்தைத் தோளில் சுமந்தபடி அவர்..."

அவர் தோளில் இருந்தது நீலத் துணிக்கட்டு. வரியைக் கைவிட்டேன்.

2

மாஸ்டருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாற்பது அடுக்குத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுவார். அவரிடம் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று உண்டு. கேமரா ஒன்று, ஆசை இரண்டு. முதலாவது, காலையில் பட்டறைக்கு வரும் வழியில் இன்னும் திறக்காத கடைகளின் ஷட்டர் கதவுகளைப் படமெடுப்பது.

"சீசன்ல சாப்பிடவே நேரமில்ல, உங்களுக்கு ஷட்டர் கேக்குதா மாஸ்டர்?" என்பார் துணியோரம் பிரியாமல் ஓவர்லாக் தைப்பவர்.

இரண்டாவது ஆசை, மனைவியைப் படமெடுப்பது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மா கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலகூட நான் கண்ணைத் திறக்கல. அந்த அழகு போதும்." இருபத்திரண்டு வருடம் கேட்டு அலுத்து, மாஸ்டர் கேட்பதையே விட்டார். விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி தலையை வாரிக்கொண்டு தானாகவே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார்.

"எடுங்க. ஒரே ஒரு தடவைதான். அப்புறம் வாயைத் திறந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

பத்தொன்பது படம் எடுத்தார். பாதி ரோல் மிச்சம்.

3

மறுநாள் ஷட்டர் வேலை. அதற்கு வேறு ரோல். இப்படி மாற்றும்போது, பாதி ரோலை வெளியே எடுத்து, எத்தனை படம் ஆயிற்று என்று அதன் மேல் குறித்து வைப்பார். பிறகு அந்த எண்ணிலிருந்து தொடரலாம். இந்த முறை "19" என்று குறித்தார். துணியில் அளவுக்கோடு போடும் தையல் சாக் கட்டியால். கைக்கு அகப்பட்டது அதுதான்.

(குறிப்பு: தையல் சாக் கோடு தட்டினால் போய்விடும். போவதற்கென்றே செய்தது. முப்பது வருடம் அதைத் தட்டியே பிழைத்தவர் இதை மறந்தார் என்றால், ஆயிரத்து இருநூறு கால்சட்டை மேசையில் காத்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.)

எண் சட்டைப்பையிலேயே அழிந்தது. இன்னொரு காலை அவசரத்தில் அதைப் புது ரோல் என்று நினைத்து மாட்டி, முதல் படத்திலிருந்து முப்பத்தாறு ஷட்டர்களையும் எடுத்து முடித்தார். ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுத்தால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்; முதல் பத்தொன்பது ஷட்டர்களும் மனைவியின் மேலேயே விழுந்தன.

(ஆள் அடையாளம் தெரியாமலிருக்க அவரைப் பல் மருத்துவராக்கிப் பார்த்தேன். பல் மருத்துவரிடம் தையல் சாக் ஏது? கதை படுத்துவிட்டது. பட்டறைக்கே திருப்பிக் கூட்டிவந்தேன்.)

4

படங்கள் கழுவி வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். உறையைப் பிரித்தவர் வெட்டும் மெஷினை நிறுத்தினார்.

"என்ன மாஸ்டர், கரண்ட் போச்சா?" என்றார் ஓவர்லாக்.

"கரண்ட் இருக்கு. என் மானந்தான் போச்சு."

மனைவியின் நெற்றி முழுக்க ஷட்டரின் வரிகள். ஒன்றில் மூக்கின் மேல் பூட்டு. ஒன்றில் அந்த அம்மா கண்ணை நன்றாகத் திறந்து, வாய்விட்டுச் சிரிக்கிறார். கன்னத்திலிருந்து கன்னம் வரை "இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்று பெயிண்ட் எழுத்து.

"தினமும் கேக்குறா சார், படம் வந்துச்சான்னு. சீசன் முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமை ஸ்கூல் திறந்துடும்."

"நடந்ததைச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா, இன்னொரு தடவை உட்காருன்னு கேட்ட மாதிரி ஆயிடும். கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே." கொஞ்சம் யோசித்தார். "நீங்க எழுதுங்க. உங்க பத்திரிகையை அவ கடையில கூட்டமில்லாதப்போ ஒரு வரி விடாம படிப்பா."

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் மனைவி படங்களைக் கிழித்துத் தூக்கியெறிந்... இல்லை. கோபத்தைக் கதைக்காக வரவழைக்கிறேன்.

இரண்டாவதில் அவர் மறுபடி ஜன்னலோரம் வந்து உட்கார்கிறார். ஆனால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நான் எடுத்தால், மாஸ்டர் கேட்காததை நான் கேட்டதாகிவிடும்.

மூன்றாவதில் "இது எவ்வளவு அழகு!" என்கிறார். அது என் கருத்து.

ஆகவே, மருந்துக் கடையில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அம்மா, மற்ற வாசகர்கள் இங்கேயே நிற்கட்டும். இதழ் சனிக்கிழமை வருகிறது. படங்கள் வெட்டும் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கின்றன. உங்கள் கணவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு வரத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்.