தானாய் விளைந்த உப்பு

அந்த ஆவணியில் வெயில் எறித்த எறிப்பில் கச்சாய்க் கரை முழுக்க உப்பு தானாகவே விளைந்து கிடந்தது. சர்க்கார் விற்கிற உப்பைத்தான் சனம் வாங்கவேண்டும் என்பது சட்டம். கரையில் விளைந்ததை ஒருவரும் அள்ளாதபடி சேற்றோடு மிதித்துக் கலக்கிவிடுவது காவல்காரன் ஆழ்வாப்பிள்ளையின் வேலை. முதல் வருடம் கால் எரிந்து துடித்தான். பிறகு பாதம் மரத்துப்போயிற்று. உப்பு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் விடியற்காலையில் அவனுடைய தமக்கை சிவக்கொழுந்து ஓலைக் கடகத்தோடு குனிந்து உப்பு அள்ளிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கெதியாய்ப் போ. ஐயா வாற நேரம்."

"அள்ளினால் எனக்கு மறியல் வீடு, மிதிச்சுச் சேறாக்கினால் உனக்குச் சம்பளம். உப்பிடியான நாடு எப்பிடியடா தலையெடுக்கும்? வெள்ளைக்காரன் தன்ரை ஊரிலையும் விளைஞ்சதை மிதிக்கிறானோ?"

"எனக்கென்ன தெரியும்."

அதற்குள் மேலாள் தியாகராசா சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். கடகத்தை எட்டிப் பார்த்தார்.

"ஆரிவள்?"

"தெரியாது, ஐயா" என்றான் ஆழ்வாப்பிள்ளை. வாய் தானாகச் சொல்லிற்று. சிவக்கொழுந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

சாவகச்சேரிக் கோட்டில் நீதவானுக்கு முன்னால் அவளிடம் தாய் பெயர் கேட்டார்கள். "வேலாத்தை" என்றாள். அடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறிய ஆழ்வாப்பிள்ளையும் அதே பெயரைத்தான் சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவேயில்லை. குற்றப்பணத்தை அவள் ஆட்டை விற்றுக் கட்டினாள்.

மனைவி இராசமலர் போய்ப் பார் என்று கரைச்சல் படுத்தியதால் ஒருநாள் தமக்கை வீட்டுக்குப் போனான். சிவக்கொழுந்து செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"இருந்து குடி."

வெட்கப்படவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் இருந்தும் அது வரவில்லை. எழும்பி வந்துவிட்டான்.

ஐப்பசியில் ஊரில் உப்புத் தட்டுப்பாடு. பிறநாட்டு உப்பு கப்பலில் வந்து இறங்கியது. இராசமலர் சனத்தோடு சனமாய் நெரிபட்டு வாங்கி வந்தாள்.

"நல்ல வெள்ளை உப்பு. விலைதான் நெருப்பு" என்றாள், சோற்றைப் போட்டபடி.

ஆழ்வாப்பிள்ளை பிசைந்து சாப்பிட்டான். உப்புக் காணுமோ, இன்னும் போடவோ என்று அவள் கேட்டாள்.

"ஓம், காணும்" என்றான்.