ரெண்டு மாமன், ரெண்டு பெட்டி

என் மகள் சத்யப்ரியாவுக்கு ஆறு வயது முடிந்தும் காது குத்தவில்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அவளுடைய தாய்மாமன்கள் இரண்டு பேரிடமும்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், எங்கள் பக்கம் அது மாற்ற முடியாத வழக்கம். யார் மடி என்பதில்தான் வில்லங்கம். அண்ணன் மடி என்றால் தம்பி வரமாட்டான். தம்பி மடி என்றால் அண்ணன் வரமாட்டார். ஒருத்தர் இல்லாமல் குத்திவிட்டால் பிறகு பிறந்த வீடு என்று எனக்கு எது மிஞ்சும்? இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளை என்னுடைய ஸ்டிக்கர் பொட்டில் இரண்டைப் பிய்த்துக் காதுச் சோணையில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பாள்.

சண்டை எதற்கு என்று கேளுங்கள். சிரிக்கக் கூடாது. பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தம்பி அசோக்குமார் பெயரை மேலேயும் அண்ணன் முத்துக்கருப்பன் பெயரைக் கீழேயும் அடித்துவிட்டார்கள். தம்பி பெயருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் என்று வேறு போட்டிருந்தது. அண்ணன் பத்திரிகையைக் கிழித்துப் போட்டார். தம்பி அதைப் பொறுக்கி ஒட்டி வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை. திருமங்கலத்தில் டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர் ஒருத்தர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற மனிதன் ஒருத்தன். ஒரு வரி அச்சுக்கு இந்தப் பாடு.

2004 ஆவணியில் நானே நாள் குறித்தேன். குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து, வருகிறவர்கள் வரட்டும் என்று இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினேன். மடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. உடனே சீர்ப் போட்டி ஆரம்பித்துவிட்டது. தம்பி லீவில் வரும்போது ஏதோ கேம் பெட்டி கொண்டுவருகிறான், அதிலேயே படமும் பார்க்கலாம் என்று அண்ணன் காதுக்குப் போனது. அவ்வளவுதான், மனிதர் சென்னைக்கு ஆளனுப்பி பிளேஸ்டேஷன்-டூ என்கிற பெட்டியை வரவழைத்து, வியாழக்கிழமையே பரவையில் என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். சனிக்கிழமை தம்பி எக்ஸ்பாக்ஸைக் கொண்டுவந்து வைத்தான். முதல் பெட்டி கறுப்பாக, ஒல்லியாக, நிமிர்த்தியும் வைக்கலாம், படுக்கவும் வைக்கலாம். இரண்டாவது ஆட்டுக்கல் கனம். பொத்தான் வைத்த அதன் ஆட்டக் கைப்பிடியை என் மகள் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

தட்டாங்கல் ஆடுகிற பெண்பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் சீர் ஆகாதே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒருத்தரைக் கூப்பிட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. அண்ணன் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது தம்பி உள்ளே வந்தான். இரண்டு பேருக்கும் எழுந்து போக மனசு. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கறி ஜெயித்தது.

அண்ணன் சுவர் காலண்டரைப் பார்த்தபடி என்னிடம் பேசினார். “பாண்டி, அவன்ட்டக் கேளு, அவன் பெட்டியில டிவிடி ஓடுமான்னு. நம்ம பெட்டியில வட்டைப் போட்டாப் போதும், நேராப் படம் வந்துரும்.”

தம்பி ஜன்னலைப் பார்த்தான். “அக்கா, அவருகிட்டச் சொல்லு. இதுக்குள்ளயே எட்டு ஜிபி ஹார்ட்டிஸ்க் இருக்கு. ஆடுன ஆட்டம் அப்படியே உள்ள நிக்கும். அவரு பெட்டிக்கு மெமரி கார்டு தனியா வாங்கணும். இல்லேன்னா தெனமும் மொதல்லருந்து ஆட வேண்டியதுதான்.”

“டிவிடி ஓடுமான்னு கேட்டதுக்குப் பதிலக் காணாம்.”

“ஓடும். அதுக்குன்னு ஒரு ரிமோட் விக்கிறான், அத வாங்கி மாட்டுனா ஓடும்.”

“வாங்குனானான்னு கேளு.”

தம்பி மூக்கைச் சொறிந்தான். “படம் எம்புட்டுத் தெளிவுன்னு சொல்லு அவருகிட்ட. அந்தப் பெட்டியில காரு ஓடுனா கட்டம் கட்டமாத் தெரியும்.”

“நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? ஒரே பாயில உக்காந்துக்கிட்டு, நாலு முழம் தள்ளி இருக்கிற ஆளுக்கு என் வழியா டிரங்கால் போடுறீகளே, வெக்கமா இல்ல?” என்றேன்.

இல்லை. அண்ணன் கார் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். ஊரில் அத்தனை டிராக்டருக்கும் சாமான் விற்கிறவர் ஓட்டிய கார், கிளம்பின இடத்திலேயே சுவரில் முட்டி, பின்னால் போய், மறுபடி முட்டியது. “பொத்தான் புதுசு, இன்னும் பழகல” என்றார். தம்பி கால்பந்து போட்டான். தன் பக்கத்து வலையிலேயே பந்தை அடித்தான். “சிங்கப்பூர்ல வேற மாதிரி இருந்துச்சு” என்றான். ஆட வாங்கினவனுக்கு ஆடத் தெரியவில்லை. ஆட வேண்டிய பிள்ளையோ அடுப்படியில் அப்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் காசிமாயன் பேச்சில்லாத மனிதர். பரவை காய்கறி மார்க்கெட்டில் விடிய விடியக் கத்திவிட்டு வருவதால் வீட்டில் வாயை மிச்சம் பிடிப்பார். அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு முடிவச் சொல்லிரு பாண்டி. காது குத்துற ஆசாரி கேக்குறாரு, யாரு மாமன்னு” என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பீரோவைத் திறந்து என் கல்யாண சி.டி.யை எடுத்தேன். எங்கள் கல்யாணம் தொண்ணூற்றாறில். வீடியோ கேசட் பூசணம் பிடித்து வீணாகப் போக இருந்ததைப் போன வருஷம் காளவாசலில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மூன்று சி.டி.யாகப் போட்டு வாங்கியிருந்தேன். போட்டுப் பார்க்க வீட்டில் மிஷின் இல்லாததால் உறைகூடப் பிரிக்கவில்லை.

“ஹார்ட்டிஸ்க்கும் தெரியாது, மெமரி கார்டும் தெரியாது எனக்கு. செத்துப்போன எங்க ஆத்தா முகம் இதுல இருக்கு. எவன் பெட்டி இதக் காட்டுதோ, அவன் மடியில பிள்ளைய உக்கார வைக்கிறேன். தோத்தவரு பந்தல்ல வந்து நின்னே ஆகணும். சம்மதமா?”

சம்மதம் என்று காலண்டரும் ஜன்னலும் தலையாட்டின.

முதலில் அண்ணன். சி.டி.யைச் சட்டையில் துடைத்து, பயபக்தியாக உள்ளே தள்ளினார். பெட்டி கொஞ்சம் முனகியது. டிவி முழுக்கச் சிவப்பாக ஏதோ வந்து, இங்கிலீஷில் நாலு வார்த்தை நின்றது. எடுத்துத் திருப்பிப் போட்டார். இரண்டாவது சி.டி., மூன்றாவது சி.டி. அதே சிவப்பு. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு அவன் முறை. அவன் பெட்டி பச்சையாக மின்னி, பெரிய தோரணையெல்லாம் காட்டி, கடைசியில் இந்த வட்டு என்னவென்றே புரியவில்லை என்று சொல்லிவிட்டது. இப்போது அண்ணன் சிரித்தார். தம்பி வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். ஊரில் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை வாடகைக்குக் கிடைக்கிற சாதாரண சி.டி. அது. கடல் தாண்டி வந்த இரண்டு மகராசனுக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

“சி.டி.யில கோளாறுடா” என்றார் அண்ணன், தம்பியைப் பார்த்து. நேராக, முகத்தைப் பார்த்து.

“ஆமாண்ணே. அந்த ஸ்டுடியோக்காரன் அக்காவ ஏமாத்திருக்கான்.”

“நாளைக்கே காளவாசல் போயி அவன உண்டு இல்லேன்னு பண்ணுவோம்.”

நாலு வருஷமாக வராத ஒற்றுமை, மூன்றாம் மனிதனைத் திட்டக் கிடைத்ததும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்!” என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் தாங்கள் பேசிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று ஒருத்தர் காலண்டருக்கும் ஒருத்தன் ஜன்னலுக்கும் திரும்பிவிட்டார்கள்.

இதற்குள் என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு ராமக்காளிடம் போய் ஒரு பிளேயரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஊர் பேர் தெரியாத மிஷின். மூடி நிற்காமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வயரை மாட்டி, சி.டி.யைப் போட்டு, மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். படம் ஓடியது.

சுற்றுகிற இதயத்துக்குள் என் முகமும் அவர் முகமும் வந்து போயின. அப்புறம் மண்டப வாசல். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறாள். வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டுகிறாள், பார்வை மட்டும் அவர்களைத் தாண்டி ரோட்டுக்குப் போகிறது. ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். மறுபடி வாசல், மறுபடி அம்மா, மறுபடி ரோடு. அன்றைக்கு மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது.

“அந்த அம்மாச்சி யாரத் தேடுது?” என்று மகள் கேட்டாள்.

“அவுக கூடப் பிறந்தவுகள. எனக்கு மாமனுக.”

“வந்தாகளா?”

“வரல. பொண்ணுக்கு யாரு மொதல்ல மாலை போடுறதுன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. ரெண்டு பேருமே வரல.”

“அவுக லூசாம்மா?”

“ஆமாத்தா. வடிகட்டுன லூசு.”

திரையில் மாமன் மாலையை எடுக்க ஆள் இல்லாமல் மணவறையில் சலசலப்பு. இளவட்டமாக அண்ணன் வந்து மாலையின் ஒரு பக்கத்தைத் தூக்குகிறார். அரும்பு மீசையோடு தம்பி மறுபக்கத்தைத் தூக்குகிறான். கொட்டுச் சத்தத்துக்கு நடுவே, அம்மாவைப் பார்த்து அண்ணன் சொன்னது தெளிவாகக் கேட்டது. “அழாத ஆத்தா. செத்தாலும் நாங்க அந்த ஆளுக மாதிரி இருக்க மாட்டோம்.” தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறான்.

சி.டி. தீர்ந்து நீலத் திரை வந்தது. அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், போய்விட்டார். சற்று நேரம் கழித்துத் தம்பியும் போனான். இரண்டு பேருமே சாப்பிடவில்லை. ஒரு சட்டிக் கறியும் அப்படியே கிடந்தது. போங்கடா, எனக்கென்ன என்று வாய்தான் சொன்னது. அன்று முழுக்க அழுதேன்.

காதுகுத்து அன்று காலையில் கோயிலில் பந்தல் போட்டாயிற்று, மொட்டை அடித்தாயிற்று. ஆசாரி ஊசியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமன்களைக் காணோம். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். ராமக்காள் என் பக்கத்தில் வந்து நின்று, “எதுக்குடி ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றாள். கிண்ணத்தைப் பார்த்தேன். பரதேசிப் பயல்கள், என்னையும் அம்மா மாதிரியே நிற்க வைத்துவிட்டார்களே!

அப்போது மண் ரோட்டில் புழுதி கிளம்பியது. திருமங்கலத்து மினி லாரி ஒன்று. அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். பின்னால் சீர்த் தட்டுகளுக்கு நடுவே, மாலை போட்ட கிடாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தம்பி. சிங்கப்பூர்ச் சட்டை முழுக்க ஆட்டு மயிர்.

“இந்தக் கெடா உங்க ரெண்டு பேர விடக் கூறுள்ளது” என்றேன்.

ஆசாரி மணையைத் தட்டினார். “மாமன் யாருப்பா? வந்து உக்காருங்க.”

இரண்டு பேரும் நின்றார்கள். அண்ணன் என்னிடம் திரும்பி, “பாண்டி, அவனச் சொல்லு...” என்று ஆரம்பித்தார்.

“நீங்களே சொல்லுங்க. எக்ஸ்சேஞ்ச இழுத்து மூடியாச்சு.”

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். “அசோக்கு. நீ உக்காருடா.”

“நீங்கதாண்ணே மூத்தவரு. நீங்க உக்காருங்க.”

“சொன்னாக் கேளுடா.”

“மாட்டேண்ணே.”

கடவுளே, இப்போது இதற்கொரு சண்டை! ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது. “நல்ல நேரம் போகுதப்பா. பிள்ளைக்குக் காது ரெண்டுதான? ஆளுக்கொரு காதுக்கு உக்காருங்க” என்றார், ஏதோ கத்தரிக்காயைப் பங்கு வைக்கிற மாதிரி.

பந்தலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷம், நாலு வருஷம்! எத்தனை பஞ்சாயத்து, எத்தனை தூது, கடைசியில் இரண்டு ராட்சசப் பெட்டி. பிள்ளைக்குக் காது இரண்டு இருக்கிறது என்பது இத்தனை நாளில் எங்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வலது காது அண்ணன் மடியில் முடிந்தது. குத்தியதும் பிள்ளை வீறிட்டுக் கத்தி, திமிறிக்கொண்டு மொட்டைத் தலையோடு கோயிலைச் சுற்றி ஓடினாள். “அந்தப் பக்கம் வாடா!” என்று அண்ணன் கத்த, “நீங்க இந்தப் பக்கம் மறிங்கண்ணே!” என்று தம்பி கத்த, இரண்டு பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக அவளைத் துரத்தினார்கள். நடுவில் ஆளே வேண்டியிருக்கவில்லை. நான் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.