மூலையில் தெரிந்த கம்பம்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு மாடியேறி வந்திருந்த ராமாமணி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் போனைச் சுரேந்தரிடம் நீட்டினாள். வெள்ளகோவில் பக்கம் தோட்டம். புதுத் தொழிற்பேட்டையின் கழிவுநீர்க் குழாய் அவள் கிணற்றை ஒட்டிப் போகப்போகிறது. ஆட்சேபம் இருந்தால் அரசின் கருத்துக்கேட்புத் தளத்தில் பதிய வேண்டும். இன்று மாலையோடு கடைசி. நாலைந்து நாளாக முயன்றும் போகாததால், தளத்தின் அடியில் போட்டிருந்த இந்த அலுவலக முகவரியைத் தேடி வந்துவிட்டாள்.

"உங்களக் கொறை சொல்ல வரலீங்க தம்பி. நாந்தான் எங்கயோ தப்பாத் தொடறனாட்ட இருக்குது," என்றாள்.

அந்தத் தளத்தைக் காப்பதுதான் சுரேந்தரின் வேலை. ஒரு வாரமாக அதன்மேல் தாக்குதல். தாக்குதல் என்றால் யாரும் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. கல்யாணப் பந்தியில் எவனோ ஆள் பிடித்து உட்காரவைத்து, அவர்கள் சாப்பிடாமலும் இலையை மடித்து எழாமலும் இருந்தால் எப்படி? உண்மையான விருந்தாளி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். எங்கெங்கோ இருக்கும் கணினிகள் ஓயாமல் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, பதில் சொல்லியே சர்வர் திணறியது. அதனால் சுரேந்தர் வாசலில் ஒரு காவல் வைத்தான். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு தெருப்படம். டிராஃபிக் சிக்னல் உள்ள கட்டங்களைத் தொட வேண்டும். மனிதர் தொட்டுவிடுவார், மெஷின் தடுமாறும். சில முறை தவறினால் அன்றைக்குக் கதவு சாத்திக்கொள்ளும். தளம் மறுபடி ஓடத் தொடங்கியது.

காலையில்தான் அறிக்கை அனுப்பியிருந்தான். 'தடுக்கப்பட்டவை அனைத்தும் இயந்திரங்களே. பொதுமக்களில் ஒருவர்கூடப் பாதிக்கப்படவில்லை.' அதிகாரி குமாரசாமி அதை அப்படியே துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டும் படங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

இப்போது அவள் போனில் அந்தப் படம் வந்தது. சுரேந்தர் குனிந்து பார்த்தான். தான் வைத்த காவலை அவன் இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேலை தடைப்படக் கூடாதென்று அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தான். கீறல் விழுந்த அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு கட்டமும் அவள் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாக இருந்தது.

"இந்தக் கட்டத்துல மூலையில கம்பம் மட்டுந் தெரியுதுங்க. வெளக்கு இல்ல. இதும் சேத்திங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. தொடச் சொன்னான். தவறு. விடச் சொன்னான். அதுவும் தவறு. நீங்கள் மனிதர் என்று உறுதியாகவில்லை, நாளை முயலுங்கள் என்று எழுத்து வந்தது.

ராமாமணி சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா, உங்களையும் மெஷின்னு சொல்லிப்போட்டுது."

சுரேந்தருக்குக் காது சுட்டது. பக்கத்து மேசையிலிருந்து நந்திதா நாற்காலியை நகர்த்தி வந்து மெதுவாகச் சொன்னாள்: "இவிங்களத மட்டும் இங்கிருந்தே ஏத்தி உட்டர்லாமுங்ணா. யாருக்குந் தெரியாது."

ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதை நினைக்க இன்னும் கூசியது. ஊரில் மற்றவர்களுடைய ஆட்சேபம் போனதா என்று ராமாமணியிடம் கேட்டான்.

"எங்கீங்க? தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு உட்டுப்போட்டாங்க. நமக்குப் படிப்புப் பத்தலைன்னு பேசாம இருந்துட்டாங்க."

தடுக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையைத் திறந்தான். அறிக்கையின் உச்சியில் அவன் பெருமையாகப் போட்ட எண். அதில் எது மெஷின், எது தோட்டத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொட்ட விரல் என்று பிரித்துச் சொல்ல அவனிடம் எந்த வழியும் இல்லை.

குமாரசாமிக்குப் போன் போட்டான். "சார், காலைல நான் எழுதுனது தப்புங்க சார். மனுசங்களையுந் தடுத்துப்போட்டேன். காவல எடுத்தர்றேனுங்க."

காவலை எடுத்துத் தளம் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். தானே சொல்வதாகச் சொன்னான். கடைசித் தேதியைத் தள்ள முடியுமா என்று கேட்டதற்கு, மேலே கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சுரேந்தர் காவலை எடுத்தான். அவன் கணினித் திரையில் சர்வரின் சுமையைக் காட்டும் கோடு மேலே ஏறத் தொடங்கியது. ராமாமணி ஒரு விரலால் தட்டித் தட்டித் தன் கிணற்றைப் பற்றி எழுதி முடித்து, அனுப்பு என்பதைத் தொட்டாள். வெள்ளை வட்டம் ஒன்று சுழன்றது. நிற்கவில்லை, சுழன்றுகொண்டே இருந்தது.

"நாந் தொட்டதுல ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா தம்பி?" என்றாள் தணிந்த குரலில்.

அவன் கண் ஏறிக்கொண்டிருந்த கோட்டிலேயே இருந்தது. மேசையில் அவன் போன் அதிர்ந்தது. கைதட்டலா, குமாரசாமியா, பார்க்கவில்லை. ராமாமணி பெருவிரலைத் திரையில் படாமல் மேலே தூக்கிப் பிடித்தபடி, அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.